கண்மாயின் கடைசிக் கூடு

நான் எடுத்த பறவைப் படங்களை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. பாராட்டும்படி அவற்றில் ஒன்றும் கிடையாது. கருவேல மரம் இருக்கும், தண்ணீர் இருக்கும், மரத்தின் மேல் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் நாரைகள் என்று நான் விரலை வைத்துக் காட்ட வேண்டும். "இது கொக்கா, இல்ல படத்துல ஒட்டுன தூசியா?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டதோடு விடமாட்டாள். முந்தானையால் ஒரு தடவை துடைத்தும் பார்ப்பாள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பது என் வேலை. கடையில் இருந்தது மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கேமரா. அதை வயிற்றோடு வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். மணவறையில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அது போதும், அவர்கள் எழுந்து ஓடப்போவதில்லை. பறவைக்கு அது சரிப்படாது. நாரை வலது பக்கம் பறந்தால் கண்ணாடியில் இடது பக்கம் பறக்கும். நான் அவசரத்தில் கேமராவை அந்தப் பக்கம் திருப்புவேன், நாரை காணாமல் போயிருக்கும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்ததில்லை.

ஃபிலிமும் அப்போது சுலபமாகக் கிடைக்காது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். கல்யாணம் முடிந்து பந்தி எல்லாம் ஓய்ந்து நான் பையைக் கட்டும்போது கேமராவில் இரண்டோ மூன்றோ படம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் என் பறவைகளுக்கு. அதனால் எங்கள் கடையில் கழுவிய நெகட்டிவ்களில் தாலி கட்டுவது, மெட்டி போடுவது, மாமனார் மாமியார் நிற்பது, அதற்கடுத்து ஒரு கருவேல மரம் என்று வரும். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கொக்கு பொண்ணு வீட்டுப் பக்கமா, மாப்ள வீட்டுப் பக்கமா?" என்று கேட்பார். திட்டியதில்லை. மார்கழி மாதம் கல்யாணம் இல்லாமல் கேமரா சும்மா கிடக்கும். அந்த ஒரு மாதம், "தொலைச்சுப்புடாத" என்று சொல்லி என் கையிலேயே கொடுத்து வைப்பார். கண்மாயில் பறவைகள் நிறைந்திருப்பதும் அந்த மாதம்தான்.

கண்மாய் என் மனைவியின் ஊரில் இருந்தது. கல்லலில் ரயிலை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஊர் கண்மாய்க் கரையை ஒட்டியே இருக்கும். கரையில் நின்றால் வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். எங்கள் கல்யாணம் ஆவணியில் அந்த ஊரில்தான் நடந்தது. அன்று அந்த ஊர்ப் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போட்ட குலவையில் எனக்குக் காது அடைத்துப்போனது. எங்கள் பக்கமும் குலவை உண்டு, ஆனால் இப்படி இல்லை. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அதே ஊருக்குத் தலைதீபாவளிக்கு ஒரு கட்டுப் பட்டாசோடு போய் இறங்கினேன். புது மாப்பிள்ளை வெறுங்கையோடு போகலாமா? என் மனைவியின் அண்ணன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், பட்டாசுக் கட்டை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் வைத்துவிட்டு வந்தார். "இங்குட்டு வெடி போடுறதில்ல மாப்ளே. பறவை வந்து இறங்குற நேரம். அதுக கிளம்புற வரைக்கும் வெடி, கொட்டு, ரேடியோ செட்டு ஒண்ணும் கிடையாது" என்றார். தீபாவளி அன்று அந்த ஊர் இழவு வீடு மாதிரி இருந்தது. பிள்ளைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சும்மா நடந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்த சத்தத்தை என்னவென்று சொல்ல! ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டிருக்க, இந்தப் பறவைகள் மட்டும் சந்தைக்கடை போட்டிருந்தன. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் கிளை தெரியவில்லை. வக்கா, நீர்க்காக்கா, அரிவாள் மாதிரி மூக்கு வளைந்த வெள்ளைப் பறவைகள், எல்லாவற்றுக்கும் மேலே நத்தைகொத்தி நாரைகள். நாரைகளுக்கு மூக்கை மூடினாலும் மூடாது, நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். அந்த இடைவெளியில் நத்தையைக் கவ்விக்கொண்டு வரும். நான் அன்று சாயங்காலம்வரை கரையை விட்டு இறங்கவில்லை. அந்த வருஷம் கண்மாய் வற்றும்வரை வாரம் தவறாமல் போனேன். தண்ணீருக்குள் இறங்கி மரத்தின் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கிறேன் என்று எவ்வளவோ கெஞ்சியும் மச்சான் விடவில்லை. ஆள் பக்கத்தில் போனால் நாரை எழுந்துவிடும், அது எழுந்தால் காக்கா முட்டையைத் தூக்கிவிடும் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் என் படங்களில் எல்லாம் புள்ளிகள்.

அடுத்த வருஷம் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. ஏழாவது மாதத்திலேயே, காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே பிறந்துவிட்டது. என் மாமியாருக்குத் தகவல் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் உள்ளே இருந்தார்கள். நான் வாசல்படியில் நின்றேன். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் அறைக்குள் இருக்கிற பெண்கள் குலவை போடுவார்கள். வெளியே நிற்கிற ஆணுக்கு அதுதான் தகவல். நான் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன அழுகை கேட்டது, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. குலவை வரவில்லை. ஒருத்தி வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குலவை வரவில்லை. பெண் குழந்தை. மத்தியானம்வரை இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேச எனக்குத் தைரியம் இல்லை. அவளும் பேசவில்லை. நான் வேலைக்குப் போனேன், கல்யாண வீடுகளில் குலவை போடும்போது கேமராவைச் சரிசெய்கிற மாதிரி வெளியே வந்து நின்றேன். எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் பயந்த சுபாவம். பயம் உள்ளே இருக்க இடம் போதாமல் கோபமாக வெளியே வரும். அந்த வருஷம் கடையில் லைட் ஸ்டாண்ட் ஒன்றை உடைத்தேன், வாடகை சைக்கிள்காரனோடு சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது.

மறுபடி அவள் உண்டானபோது மாமியார் வந்து நின்றார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். "இந்தத் தடவை அஞ்சாம் மாசமே கூட்டிட்டுப் போறேன் மாப்ளே. நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். காரைக்குடியில் ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார் என்று நான் கத்தினேன். அவர் மகளின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கல்லலிலிருந்து நர்ஸம்மாவை மாதாமாதம் வரவழைப்பது, பிரசவத்துக்கும் அவரையே கூட்டிவருவது என்று முடிவானது.

ஆவணியில் அவள் போனாள். நான் வாரம் ஒரு நாள், கடை லீவு அன்று, ரயிலும் சைக்கிளுமாகப் போய்ப் பார்த்துவருவேன். அந்த வருஷம் மழை பொய்த்துக்கொண்டே போனது. புரட்டாசியில் கண்மாயின் நடுவில் ஆடு மேய்ந்தது. ஐப்பசி பிறந்தும் வானத்தில் ஒரு கறுப்புத் துண்டு இல்லை. கருவேல மரங்கள் காய்ந்த தரையில் தூசி படிந்து நின்றன. போன வருஷத்துக் கூடுகளின் குச்சிகள் அடியில் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றபோதுதான் எனக்குள் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்தது. பறவை வந்தால் பிள்ளை தங்கும். வராவிட்டால் தங்காது.

அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் படித்தவன். தெரிந்து என்ன பிரயோஜனம்? எண்ணம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மனைவியிடம் சொன்னால் அவளுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் கடையைத் திறக்கும்போது கிழக்கே மேகம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

தீபாவளி வந்தது. கண்மாயில் பறவை இல்லை, தண்ணீரும் இல்லை. அன்றும் ஊரில் வெடி இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மச்சான், இல்லாத பறவைக்கு எதுக்கு இந்த மரியாதை?" என்று கேட்டேன். அவர் நிதானமாக, "வரலாமா வேணாமான்னு அதுக மேல சுத்திப் பாத்துக்கிட்டு இருக்கும் மாப்ளே. அந்த நேரம் வெடியப் போட்டா அப்படியே அங்குட்டுப் போயிரும்ல" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம். இருந்தாலும் அன்று முழுக்க நான் சைக்கிள் மணியைக்கூட அடிக்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. அடுத்த தடவை நான் போனபோது மரங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. அதற்கடுத்த தடவை நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு வண்டியில் போனேன். கண்மாய்ப் பக்கம் திரும்பும்போதே அந்தச் சந்தைச் சத்தம் கேட்டது. வண்டிக்காரர், "வந்திருச்சுக சார்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை மரத்தில் ஒரு நத்தைகொத்தி ஜோடி கூடு கட்டியது. அதுவரை எந்தப் பறவையும் அவ்வளவு பக்கத்தில் கட்டியதில்லை. இதைப் படம் எடுத்தால் கொக்கா தூசியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவரும், பெண் அதை வாங்கிச் செருகும். சில குச்சிகளைப் பிடிக்காமல் தூக்கிப் போட்டுவிடும். ஆண் சும்மா நின்று பார்த்துவிட்டு அடுத்த குச்சிக்குப் போகும். பிறகு மாற்றி மாற்றி அடைகாத்தன. நான் கரையில் ஒரு துண்டை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்மாய் முழுக்க நூற்றுக்கணக்கில் கூடுகள் இருந்தன. எனக்கு அந்த ஒன்றுதான் கணக்கு.

மார்கழி பிறந்ததும் முதலாளி கேமராவைக் கொடுத்தார். நான் மாமியார் வீட்டுக்கே போய்விட்டேன். போன நாலாம் நாள் காற்றும் மழையுமாக ஓர் அடி அடித்தது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒற்றை மரத்தின் ஒரு கிளை முறிந்து தண்ணீரில் கிடந்தது. கூடு இல்லை. அந்த ஜோடி பக்கத்துக் கிளையில் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தது. தூரத்து மரங்களில் எல்லாம் கூடுகள் பத்திரமாக இருந்தன. கரைச் சரிவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் ஒன்றும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "உங்க கூடு விழுந்திருச்சாமே, அண்ணன் சொல்லுச்சு" என்றாள். ஆமாம் என்றேன். "திரும்பக் கட்டும்" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனதில் இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் விடியலில் அவளுக்கு வலி கண்டது. மச்சான் வண்டியோடு போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். நான் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். தண்ணீர் கொதித்துவிட்டதா என்று அடிக்கொரு தரம் கேட்டேன். நர்ஸம்மா அடிக்கடி ஏன் வெளியே வருகிறார் என்று கேட்டேன், பிறகு அவர் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டேன். அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டு, "இங்குட்டே சுத்திச் சுத்தி வராதீக மாப்ளே. கண்மாய்ப் பக்கம் போயிருங்க. ஆள் அனுப்புறேன்" என்று கேமராப் பையை எடுத்து என் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினார்.

கரையில் எனக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒரு கண் ஒற்றை மரத்தில், ஒரு கண் வீட்டுக் கொல்லையில். அந்த ஜோடி முறியாத கிளையில் திரும்பக் கட்ட ஆரம்பித்திருந்தது. ஆண் பச்சை இலையோடு ஒரு குச்சியைக் கொண்டுவந்தது. நான் கேமராவைத் திறந்து கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து இறங்கியது. அமுக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. காது முழுக்க வீட்டுப் பக்கம் இருந்தது. பறவைகள் போட்ட சத்தத்தில் வலியில் அவள் கத்துகிறாளா என்பதுகூடத் தெரியவில்லை. ஆனால் குலவை கேட்கும். கல்யாணத்தில் நாதஸ்வரத்தையே நிறுத்திய குலவை இந்தச் சத்தத்தையும் மீறி நிச்சயம் கேட்கும். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

வெயில் ஏறியது. கொல்லைக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாழையடியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். குலவை வரவில்லை. இன்னொருத்தி வந்தாள், இருவரும் ஏதோ பேசிக்கொண்டு உள்ளே போனார்கள். நடையில் அவசரமே இல்லை. அவசரப்பட வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. பிறகு மச்சான் வெளியே வந்தார். புளியமரத்தடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். குலவை வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அதே வாசல்படி, அதே பேச்சில்லாத பெண்கள். இந்தத் தடவை அவளும் சேர்ந்து போய்விட்டாளோ என்று நினைத்தேன். வீட்டுப் பக்கம் போகக் கால் வரவில்லை. எதிர்ப்பக்கமாக, மடையை நோக்கிக் கரையில் நடந்தேன். என் பக்கத்தில் அந்த ஒற்றை மரத்தில் பெண் நாரை குச்சியை வாங்கிச் செருகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. உனக்கு மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாமா? கீழே கிடந்த ஒரு பெரிய மண்கட்டியை எடுத்துக் கையை ஓங்கினேன்.

அப்போதுதான் மச்சான் கரையில் ஓடிவந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வந்தார். வாய் திறக்கவில்லை. நான் எறிவதைத் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இந்த நேரத்திலும் இவருக்குப் பறவைதான் பெரிதா என்று எனக்கு வெறியே வந்தது. அவர் மூச்சிரைக்க வந்து என் தோளைப் பிடித்துக் காதோடு காதாகச் சொன்னார்.

"பொம்பளப் புள்ள மாப்ளே. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு."

நான் நம்பவில்லை. "அப்ப ஏன் குலவை போடலை?" என்று கத்தினேன்.

ஒற்றை மரத்து ஜோடி படக்கென்று எழுந்தது. மச்சான் என் வாயைப் பொத்தினார். "மெதுவா, மெதுவா. பறவை இருக்கையில எப்புடிக் குலவை போடுறது? கிளம்பினப்புறம்தான் எல்லாத்தையும் சேத்துப் போடுவாக. அன்னைக்குச் சொன்னேனே, வெடி, கொட்டு..."

"குலவையைச் சொல்லலையே மச்சான்."

"சொல்லலையா?" என்று கொஞ்சம் யோசித்தார். "அது தெரிஞ்சதுதானன்னு விட்டுருப்பேன்." பிறகு என் கையைப் பார்த்து, "என்ன மாப்ளே கையில?" என்றார். ஒன்றுமில்லை என்று கட்டியைக் கீழே போட்டேன். அவர் புளியமரத்தடியில் குனிந்து உட்கார்ந்தது பீடி பற்றவைக்கத்தான் என்று பிறகு தெரிந்தது. ஆள் அனுப்புகிறேன் என்றாரே அத்தை, அந்த ஆள் ஒரு பீடி குடித்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்!

குழந்தை கறுப்பாக, தலை நிறைய முடியோடு இருந்தது. மனைவி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். "பயந்துட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சிரித்தாள், சிரிக்கச் சக்தியில்லாமல் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பயம் அதோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு புதுப் பயம் வந்தது. குலவை போட்டால்தான் குழந்தை பிறந்தது உறுதி என்பது போல என் மனம் பிடித்துக்கொண்டது. அதுவரை குழந்தை வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தையில் கல்யாணங்கள் தொடங்கி நான் காரைக்குடிக்குத் திரும்பிவிட்டேன். ராத்திரி படுத்தால் பிள்ளைக்குச் சளி பிடித்திருக்குமோ, பால் குடித்திருக்குமோ என்றே ஓடும். லீவு நாளில் போய் இறங்கியதும் முதலில் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அடுத்து நேராகக் கரைக்குப் போவேன்.

மாசியில் மற்ற மரங்களில் குஞ்சுகள் தாய் அளவுக்கு வளர்ந்து கிளைகளில் இறக்கையை அடித்துப் பழகின. ஒவ்வொரு தடவையும் கூட்டம் குறைந்திருக்கும். முதலில் நீர்க்காக்கா போயின, பிறகு வக்கா, பிறகு அரிவாள்மூக்கு. பங்குனி பிறந்தபோது கண்மாய் அமைதியாகிவிட்டது. ஆனால் ஒற்றை மரத்தில் இரண்டாம் முறை கட்டிய கூட்டில் ஒரே ஒரு குஞ்சு, அப்போதுதான் எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றுக்காக ஊர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்ட வேண்டும், முளைப்பாரி போட வேண்டும், ஒற்றைக் குஞ்சுக்காக எத்தனை நாள் தள்ளுவது என்று இளவட்டங்கள் கேட்டார்கள். கேட்டார்களே தவிர யாரும் மேளத்தைக் கையில் எடுக்கவில்லை. தண்ணீர் வற்றி மரத்தைச் சுற்றிச் சேறாகிவிட்டது. நாய் வந்துவிடும் என்று பயந்தேன். காக்காய் இரண்டு எப்போதும் அந்தக் கிளைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். தாயும் தகப்பனும் ஒரே நேரத்தில் இரை தேடப் போய்விட்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். மச்சான் சேற்றைக் காட்டி, "தண்ணி வத்துனா நத்தை கையில அகப்படும் மாப்ளே. அதுக்கு இதுதான் விருந்து" என்றார். அதைக் கேட்டும் எனக்கு நிம்மதி வரவில்லை. கல்யாண ஃபிலிமில் மிச்சம் பிடித்த ஒரே ஒரு படத்தை அந்தக் குஞ்சு பறக்கும் நேரத்துக்கென்று லீவு நாளில் முதலாளியிடம் கேட்டு வாங்கிய கேமராவில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

அது பறந்ததை நான் பார்க்கவில்லை. நான் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். அடுத்த லீவுக்குப் போனபோது மரம் காலி. கரையிலிருந்த பிள்ளைகள், "முந்தாநாளு போயிருச்சு, மூணும் சேந்து போச்சு" என்று கத்தினார்கள். ஆமாம், கத்தினார்கள். அந்த ஊரில் பிள்ளைகள் கத்தி நான் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் கரைக்கு வந்தார்கள். பறவை இருந்த காலத்தில் ஊரில் மூன்று வீடுகளில் பிள்ளை பிறந்திருந்தது. மூன்று தாய்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காலியான கண்மாயைப் பார்த்து நின்றார்கள். மற்ற பெண்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். எங்கள் மகள் என் மனைவியின் தோளில் முழித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைவு. அதனால் மடையின் மேல் கல்லில் கேமராவை வைத்துக்கொண்டு குனிந்தேன். ஒரே ஒரு படம்தான் இருந்தது.

முதல் வீட்டுக்குக் குலவை எழும்பியது. கண்மாய்ப் பரப்பு முழுக்க ஓடி எதிர்க்கரையில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது வீட்டுக்கு எழும்பியது. மூன்றாவது எங்கள் வீட்டுக்கு. அது காதில் விழுந்ததும் எனக்குள் இத்தனை மாதமாக இறுகிக் கிடந்தது அவிழ்ந்துவிட்டது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் தண்ணீராகத் தெரிந்தது. படம் எடுக்க மறந்துவிட்டேன்.

பிள்ளைக்காரிகள் திரும்ப ஆயத்தமானார்கள். அத்தை மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் கண்மாயைப் பார்த்தபடியே மறுபடி குலவையை எடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாப் பெண்களும் நின்ற இடத்திலேயே நின்று சேர்ந்து போட்டார்கள். அது மற்ற மூன்றையும்விட நீளமாகப் போனது. நல்லவேளை, இன்னொரு வாய்ப்பு என்று நான் அவசரமாக அமுக்கினேன்.

முடிந்ததும் மனைவியின் பக்கத்தில் போய், "மூணு வீடுதானே? உங்க அம்மாவுக்குக் கணக்குத் தப்பிருச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தப்பலை" என்றாள். மகளைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு, "அதுவும் பொறந்துச்சுல்ல" என்றாள்.

அந்தப் படம் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. காலியான மரங்கள் துல்லியமாக இருக்கின்றன, பெண்களின் மூக்குத்திகூடத் தெரிகிறது. வெளிச்சம் போதாமல் மெதுவாக எடுத்ததால் எல்லோருக்கும் வாய் மட்டும் கலங்கிப்போயிருக்கிறது. என்ன படம் இது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பறவைகள் போன பிறகு எடுத்தது என்று நான் சொல்வேன். "மூத்தவளுக்குக் குலவை போட்டப்ப எடுத்தது" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சொல்வாள்.

அன்று கரையிலிருந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. சரிவில் கால் வழுக்கும் என்று அவள் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அவ்வளவு குலவைக்கும் நடுவில் அது தூங்கிப்போயிருந்தது. "சின்னவளப் பாத்துப் பிடிங்க" என்றாள். அதுவரை நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.